பிடி தளராத கைகள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எங்கள் இல்லத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக் கடாசியிருப்பேன். யாராவது சாய்ந்து விழுந்து வைத்தால் பதில் சொல்ல வேண்டியவன் நிர்வாகிதானே. பதில் சொல்ல நான் என்றைக்கும் பயந்ததில்லை. அதனால்தான் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் உதவியாளன் மலையைக் கைது செய்திருக்கிறீர்கள். ஆள் மலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். குரல் கொசு மாதிரி இருக்கும். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். அவனை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது மனநோயாளிகள் தங்கும் இல்லம். சாப்பாடு சூடாக இருக்கும், படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்கும், யாரையும் கட்டிப் போட மாட்டோம். மேல்மாடியில் வாத்தியார் இருந்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நாள் முழுக்கச் சுவரில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். தவறு வந்தால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். தொந்தரவே கிடையாது, குளிக்கும் நேரம் வரும்வரை. குழாயைத் திறந்த சத்தம் கேட்டால் போதும், கை நீண்டுவிடும். ஓர் உதவியாளனுக்குப் பல் போயிற்று. பிறகு தலைமை நர்ஸுக்கு மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு அவள் என் அறைக்கு வந்தாள்.

"சார், அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. பயத்துலதான் அடிக்கிறார். ஆனா நாங்களும் பயத்துலதான் அவரைப் பிடிக்கிறோம். எப்படிப் பிடிக்கணும், எப்ப விடணும்னு யாராவது எங்களுக்குச் சொல்லித் தரணும். அதுக்கு ஏற்பாடு பண்ண வேண்டியது உங்க பொறுப்பு."

"இத்தனை வருஷமா பிடிக்கத் தெரியாமலா வேலை பாத்தீங்க, சிஸ்டர்?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுப்பவர்களைப் பிடிக்காது. இருந்தாலும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்று காலை குளியலறையிலிருந்து சத்தம் கேட்டு மாடி ஏறினேன். மலைக்கு மூக்கில் ரத்தம். வாத்தியார் ஈரத் துண்டோடு தாழ்வாரத்துக்கு ஓடி வந்திருந்தார். மலை அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான்; இருவரும் விழுந்தார்கள். வாத்தியார் குப்புற, அவர் முதுகின் மேல் மலை. மற்ற உதவியாளர்கள் சுவரோரம் நின்றார்கள்.

வாத்தியார், "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "சார், விட்டுடவா?"

"பேசுறார் இல்ல? மூச்சு இல்லாதவன் எப்படிடா பேசுவான்? பிடி."

பிடித்தான். நான் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசியதில்லை.

சிஸ்டர் கீழிருந்து ஓடி வந்தாள். "எந்திரி மலை, அவரைத் திருப்பிப் போடு" என்று கத்தினாள். நான் குறுக்கே கை நீட்டினேன். "ஒரு கை உடைஞ்சது போதாதா? தள்ளி நில்லும்மா" என்றேன். அவளை மேலும் அடிபடாமல் காப்பதும் என் வேலைதான்.

சற்று நேரத்தில் வாத்தியார் ஒப்பிப்பதை நிறுத்தினார். "அடங்கிட்டார் சார்" என்றான் மலை. அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

வெளியே உங்கள் அதிகாரி ஒருவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தெரியாம நடந்ததுதானே சார்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சலுகை எனக்குத் தேவையில்லை. தெரியாமல் ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை நான்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, சிஸ்டர் கேட்டபடி பயிற்சிக்கு ஆள் வரவழைத்திருந்தேன். ஒல்லியான பெண், கக்கத்தில் சுருட்டிய ரப்பர் பாய். ஊழியர்களை வார்டிலிருந்து கூப்பிட முடியாது, எனக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "பிடிக்கப் போறவங்கதான் கத்துக்கணும் சார்" என்று தயங்கினாள். நான் கத்துக்கிட்டா எல்லாரும் கத்துக்கிட்ட மாதிரிதான் என்று அவள் வாயை அடைத்தேன்.

என் அறையிலேயே பாயை விரித்து என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் முழங்காலை ஊன்றினாள். "இப்பப் பேசுங்க சார்." என் பெயரையும் பதவியையும் சொன்னேன். "பேச முடியுது, பாத்தீங்களா? ஆனா உள்ள காத்து போறது குறைஞ்சுக்கிட்டே வருது. பேசுறானே, அப்ப மூச்சு இருக்குன்னு நெனச்சு விடாம பிடிக்கிறாங்க பாருங்க, அங்கதான் ஆள் செத்துப் போறது."

நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். நானும் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

ஊழியர்களுக்கு அதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, யோசித்துத்தான். விட வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டால், பிடிக்கும்போதே கை அந்த நேரத்தைத் தேட ஆரம்பித்துவிடும். எனக்குத் தளராத கைகள் வேண்டியிருந்தன. நம்ம ஆட்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனதாகச் சிஸ்டரிடம் சொன்னேன். நம்பினாள்.

ஆகவே, மலை விட்டுடவா என்று கேட்டபோது, அந்தத் தாழ்வாரத்தில் அதற்குச் சரியான பதில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான். அவன் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டான். தெரிந்துகொண்டேதான் நான் பிடி என்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

வாத்தியாரின் தங்கை உடலை வாங்க வந்திருந்தாள். "அண்ணன் கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, அமைதியாகப் போய்விட்டார் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்லவும் ஒருவர் வேண்டாமா?

காரணம் கேட்கிறீர்கள். சிஸ்டர் உங்களிடம் சொல்லியிருப்பாள், தெரியும். வாத்தியார் இறப்பதற்கு முந்தின வாரம் அறக்கட்டளைக்காரர்கள் இல்லத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். வாத்தியாரை அறிமுகப்படுத்த அவர் தோளில் கை வைத்தேன். திரும்பி ஓர் அறை விட்டார். என் கண்ணாடி தரையில் போய் விழுந்தது. வந்தவர்களில் ஒருவர் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். உதவியாளர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின.

அதனால்தான் என்று நீங்கள் நினைத்தால், என்னை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு நோயாளி விட்ட அறையை மனதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் சின்ன மனிதன் இல்லை. அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன். என் சொல்லுக்கு அந்த மாடியில் மதிப்பு இருக்கிறது என்பதை அந்த உதவியாளர்கள் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பார்த்தார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.