கடைசி ரெண்டு எடம்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அது ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க. கோட்டைக் கழட்டி மாட்டுங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. இது ஸ்டாக்ஹோம் இல்ல, சுண்ட்ஸ்வால். மேடம் கீடம்லாம் இங்க கிடையாது. ஆஸ்தான்னு கூப்பிடுங்க, போதும்.

எல்லாரும் காப்பிக்கு எறங்கிட்டாங்க. ஏலக்கா பன்னு சூடா இருக்கும், நீங்க வேணும்னா போயிட்டு வாங்களேன். நான் போறதில்ல. ஏன்னா போறதில்ல, அவ்வளவுதான். ம்? எங்கிட்டதான் வேலையா?

ஓகோ. அந்த அக்கவுண்ட் கோடா. யாரோடதுன்னு தெரியல, எந்த டிபார்ட்மெண்டும் தன்னோடதுன்னு ஒத்துக்கல, தினமும் காலையில லைன்ல வந்து உக்காந்துக்குது. மத்தியானத்துக்குள்ள வெட்டிடுங்கன்னு எங்க பெரிய மேனேஜர் ஸ்டெல்லான் சொல்லிட்டார். பழைய கோடை அழிக்கிற வசதி என் ஸ்கிரீனுக்கு மட்டும்தான் இருக்குன்னு யாரோ சொல்லி, மாடி ஏறி வந்துட்டீங்க. நல்லது. அழிச்சுடலாம். யாரு வேணாம்னா? ஆனா எதை அழிக்கறோம்னு தெரிஞ்சு அழிக்கலாமே. அவசரம் ஒண்ணும் இல்லையே? புதுக் கோடு போட வந்த உங்க கம்பெனிக்கு நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் மணிக்கணக்குல காசுதானே.

தெரியும்ங்கறீங்க. தெரிஞ்சவர் மாதிரி தெரியல, அதான் சொல்றேன். வடக்க கிருனாவுலேருந்து இந்தக் கட்டடம் வரைக்கும், நம்ம இன்சூரன்ஸ் கம்பெனியில எவன் டெர்மினலைத் தட்டினாலும் அது டெலிபோன் லைன்ல ஓடி வந்து கீழ இருக்கற பெரிய மெஷின்லதான் விழுது. எவ்வளவு நேரம் லைன்ல இருந்தான், எவ்வளவு அனுப்பினான்னு மெஷின் குறிச்சு வெச்சுக்கும். அந்தச் செலவை யாரு தலையில கட்டறதுன்னு சொல்றதுக்கு எட்டு எழுத்து எடம் வெச்ச ஒரு கோடு. இவ்வளவுதான் சமாச்சாரம். கொஞ்சம் புத்தி இருக்கறவன் ஒரு மத்தியானத்துல போட்டு முடிச்சுருவான். நம்மாளுங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஏன்னு கேளுங்க. மொத எடம் யாருக்குன்னு சண்டை. லைஃப் இன்சூரன்ஸ்காரன், மனுஷனுக்கு உசுருதான் மொதல்ல, அதனால மொத எழுத்து எங்களுக்குத்தான்னான். தீ விபத்துக்காரன், இந்தக் கம்பெனி ஆரம்பிச்சதே மர வீடு எரிஞ்சதுலதானே, நீங்க நேத்து வந்தவங்கன்னான். மீட்டிங் மேல மீட்டிங். ரெண்டு பேரும் டை கட்டின பெரிய மனுஷங்க, ஒரு எழுத்துக்காக மூஞ்சி செவக்கச் செவக்கக் கத்தினாங்க. பன்னு மட்டும் ஒழுங்கா தீந்துது.

கடைசியில ஸ்டெல்லான் தீர்ப்பு சொன்னார். எந்த மாடியில உக்காந்திருக்கீங்களோ அந்த மாடி நம்பர்தான் மொத எடம். சண்டை முடிஞ்சுதுன்னு கையைத் தட்டிக்கிட்டார். அவர் ரூம் ஆறாவது மாடி, உச்சி. ஆறுல ஆரம்பிச்சா ஒசத்தின்னு ஆயிடுச்சு இல்ல? அதுக்குத்தான். சிரிக்காதீங்க, உங்க ஊர்ல இதவிடப் பெரிய மூளை இருக்குன்னு நான் நம்பல.

நான் அப்பவே சொன்னேன். கோடுக்குள்ள அர்த்தம் வெக்காதீங்கய்யா. மாடி மாறும், டிபார்ட்மெண்ட் மாறும், மேனேஜர் மாறுவான். அர்த்தமே இல்லாத ஒரு நம்பரைக் குடுங்க, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னேன். எவன் கேட்டான்? ஆஸ்தாவுக்குக் காலையிலயே கோவம்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? பனி உருகி கூரை ஒழுகுச்சு. ஆறாவது மாடி மொத்தமும் மூட்டை முடிச்சோட ரெண்டாவது மாடிக்கு எறங்குச்சு. ரெண்டாவது மாடியில அதுவரைக்கும் இருந்தது கேன்டீன் ஒண்ணுதான். அவங்க கோடும் ரெண்டுல ஆரம்பிக்கற மாதிரி மாறுச்சு, ஆனா மெஷினுக்கு ரெண்டுல ஆரம்பிக்கற கோடு எல்லாம் கேன்டீன் தலையில. கேன்டீன்ல இருக்கறது ஒரே ஒரு டெர்மினல், அதுவும் சாப்பாட்டுச் சீட்டு எண்ணறதுக்கு. ஆனா மாசக் கடைசியில ரிப்போர்ட் பாத்தா, கம்பெனியிலேயே லைனை அதிகமா உபயோகிச்சது கேன்டீன்! மெய்க்கென் இருக்காளே, சமையல் பொறுப்பு, அன்னிக்கு வியாழக்கிழமை, வாராவாரம் பட்டாணி சூப்பு போடற நாள், அந்தச் சூப்பை அடுப்புல விட்டுட்டு, கையில கரண்டியோட ஸ்டெல்லான் ரூமுக்கே வந்துட்டா. நான் எப்பய்யா கிருனாவோட பேசினேன், பட்டாணிக்கு விலை கேட்டேனான்னு ஒரு பிடி பிடிச்சா பாருங்க.

இப்ப சொல்லுங்க, ஸ்டெல்லான் என்ன பண்ணியிருப்பார்? கோடை மாத்தினார்னு நினைக்கறீங்களா? போங்க தம்பி. கேன்டீனைத் தூக்கி மூணாவது மாடியில வெச்சார்! அடுப்பு, குழாய், பாத்திரம் அத்தனையும். கோடு சரியாயிடுச்சு. அதனாலதான் இன்னிக்கும் காய்கறி மூட்டையை மூணு மாடி தூக்கறாங்க. இந்தக் கூட்டத்துக்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு நான் இவ்வளவு வருஷம் பைத்தியம் பிடிக்காம இருந்ததே பெரிசு.

ம், வரேன் வரேன். உங்க கோடுக்குத்தான் வரேன். கடைசி ரெண்டு எடத்துல பூஜ்யம் ஒண்ணுன்னு இருக்கு, மத்த எல்லாக் கோடுலயும் அந்த ரெண்டு எடம் காலியா இருக்கு, அதானே உங்களுக்குச் சந்தேகம்? அந்தக் காலி எடத்துக்குக் காரணம் இந்த ஆடுற நாற்காலிக்காரன்தான். எவெர்ட்னு பேரு. எனக்கு எதிர்ல பதினெட்டு வருஷம் உக்காந்திருந்தான். கோடைப் போட்டது நாங்க ரெண்டு பேரும்தான். போட்டதுன்னா, அவன் போட்டதை நான் குறை சொல்றது, நான் போட்டதை அவன் அழிக்கறது.

அப்படி ஒரு வழவழா ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. வாய் ஓயாது. தட்டிக்கிட்டே பாடுவான், அதுவும் அபஸ்வரம். போன்ல பேசினா மூணு ரூம் தாண்டிக் கேக்கும். ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா அவங்க தாத்தா மரம் வெட்டினதுலேருந்துதான் ஆரம்பிப்பான். வாயை மூடுடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. மீட்டிங்ல எழுந்து நின்னு சொல்றான், எட்டு எடத்துல கடைசி ரெண்டைக் காலியா விடணுமாம். எதுக்குன்னு கேட்டேன். இன்னிக்கு நம்ம யாருக்கும் தோணாத ஒரு ஆளு நாளைக்கு வருவான் ஆஸ்தா, அவனுக்கு ஒரு எடம் வேணாமாங்கறான். எல்லார் முன்னாடியும் சொன்னேன், எட்டு ரூம் வீட்டுல ரெண்டு ரூமைப் பூட்டிப்போட்டுட்டு நீ போய் சமையல்கட்டுல படுத்துக்கோன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவனும்தான் சிரிச்சான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில என்ன, சண்டை போட்டு அலுத்துப்போயி ரெண்டைக் காலியா விட்டாங்க. ஒரு ஆளும் வரல. வருஷக்கணக்கா காலி. தினம் குத்திக் காட்டுவேன், எங்க உன் விருந்தாளின்னு.

ரெண்டு வருஷம் முன்னாடி உடம்பு முடியாம வீட்டோட போயிட்டான். ஆமா, அவ்வளவுதான் எவெர்ட் கதை.

இருங்க, உங்க புதுக் கோடையும் கொஞ்சம் காட்டுங்க. ஜனவரியிலேருந்து இதுதானே? எண்பத்தெட்டுல புது வாழ்வுன்னு அட்டையில வேற போட்டிருக்கீங்க. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு எடம். மாவட்டம், பிரிவு, கிளை, ஆளு, வேலை... எல்லாம் ரொம்பி வழியுது. காலி எடம் எங்க? இல்லையா? ஒண்ணு கூடவா இல்ல? நாளைக்கு உங்களுக்குத் தோணாத ஆளு ஒருத்தன் வந்தா எங்க உக்கார வெப்பீங்க, உங்க மடியிலயா?

ஆமா, நான்தான் வேணாம்னேன். மீட்டிங் குறிப்புல இருக்கும். தேடிப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க போல, கெட்டிக்காரர்தான். நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா? உங்களுக்கு என்ன வயசு? அதான். நம்ம சொன்னதே நம்மளைப் பாத்துச் சிரிக்கற வயசு இன்னும் உங்களுக்கு வரல.

கொஞ்சம் நகருங்க, ஸ்கிரீன் மறைக்குது. இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கோடு திருட்டு இல்ல தம்பி. எவனும் வெளியிலேருந்து புகுந்துடல. லைனு எங்க போகுதுன்னு பாத்தீங்களா? பாலத்தைத் தாண்டி ஆல்னோ தீவுக்குப் போகுது. நம்ம கிளை ஆபீஸ் அங்க இல்லதான். அங்க இருக்கறது ஒரு சிவப்பு வீடு. முன்னாடி மெஷின் திடீர்னு படுத்துட்டா வீட்டுலேருந்தே பாக்கறதுக்காக எவெர்டுக்கு ஒரு டெர்மினல் குடுத்து வெச்சிருந்தாங்க. அவன் போனப்புறம் அதைத் திருப்பி வாங்கணும்னு இந்தப் பெரிய மூளைங்க எதுக்கும் தோணல. அவன் டிபார்ட்மெண்டைக் கலைச்சாங்க, கோடு செத்துப்போச்சு. ஒரு நாள் காலையில அவன் தட்டறான், மெஷின் உள்ள விடல. அப்பதான் நான் அந்தக் காலி எடத்துல பூஜ்யம் ஒண்ணு போட்டேன். மொத ஆளு. அவனுக்குன்னு அவனே விட்டு வெச்ச எடம், வேற எங்க போடச் சொல்றீங்க?

போன் பண்ணலாமேங்கறீங்க. எல்லாரும் இதையேதான் கேப்பாங்க. தொண்டையில கட்டி தம்பி. குரல்வளையையே எடுத்துட்டாங்க. அந்த ஓயாத வாயி இருக்கே, அதுலேருந்து இப்ப காத்துகூட வர்றதில்ல. பெண்டாட்டி பிள்ளை யாரும் இல்ல. போன் அடிச்சா எடுத்து என்ன பண்ணுவான்?

போய்ப் பாக்கலாமேன்னா, ஞாயித்துக்கிழமை போறேன். போகாம என்ன. சின்னப் பிள்ளைங்க சிலேட்டு ஒண்ணு வெச்சிருக்கான், அதுல எழுதிக் காட்டுவான். எனக்குப் பொறுமை கிடையாது. அவன் ரெண்டு வார்த்தை எழுதறதுக்குள்ள நான் இருபது வார்த்தை பேசி முடிச்சுடறேன். அது சண்டையா? வாய் இல்லாதவனை நிக்க வெச்சு அடிக்கற மாதிரி இருக்கு. எனக்கே பிடிக்கல. ஆனா இங்க, இந்த லைன்ல, ரெண்டு பேரும் தட்டித்தான் ஆகணும். அங்க அவனும் ஊமை, இங்க நானும் ஊமை. சரிக்குச் சமம். காப்பி நேரத்துல வருவான். இங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அதான் நான் பன்னு திங்கப் போறதில்ல. இப்ப புரிஞ்சுதா?

என்ன பேசறோமா? பாசமா ரெண்டு வார்த்தைன்னு நினைச்சீங்களா? கோடைப் பத்தித்தான்! அவன் எடத்துல நான் நம்பர் போட்டுட்டேனாம், எழுத்துதான் போடணுமாம், அந்த எடத்தோட நோக்கமே எனக்குப் புரியலயாம். அன்னிலேருந்து இதே பாட்டு. முட்டாள்னு போடுவேன். நீதான்டி முட்டாள்னு போடுவான். அவனை எனக்குப் பிடிக்காது தம்பி, எப்பவும் பிடிச்சதில்ல. ஆனா பேசறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல. அவனுக்கும் இல்ல. அதைச் சொல்றதுல எனக்கென்ன வெக்கம்?

ஸ்டெல்லான்கிட்ட சொல்லிப் பாக்கறீங்களா? பாவம், நல்ல மனசு உங்களுக்கு. அவர் என்ன பண்ணுவார் தெரியுமா, எவெர்ட் வீட்டைத் தூக்கி மூணாவது மாடியில வெக்கச் சொல்வார். வேணாம். அவர் உங்களை வெட்டத்தானே அனுப்பினார், வெட்டுங்க. நான் தடுக்கல. ஆனா என் கையால இல்ல. வாங்க இப்படி. அந்த நாற்காலியிலயே உக்காருங்க, ஆடாது, சும்மா சொன்னேன். இதோ கோடு. எட்டு எடமும் தெரியுதா? கடைசி ரெண்டுல போய் நில்லுங்க. கீழ நீளமா இருக்கே, அந்த வெத்துக் கட்டையை ரெண்டு தடவை தட்டினா போதும், காலியாயிடும். பழையபடி.

தட்டுங்க. ஏன், கை அப்படியே நிக்குது?

இருங்க, இருங்க. கீழ பாருங்க, பச்சையில ஒரு வரி ஓடுது. வந்துட்டான். இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு, தூங்கியிருப்பான். என் மூக்குக் கண்ணாடி அந்த மேஜையில இருக்கு, நீங்களே படிங்க. என்ன போட்டிருக்கான்?

எழுத்தா மாத்திட்டியா, இல்ல இன்னும் நம்பர்தானான்னு கேக்கறானா?

சொல்லுங்க தம்பி. இப்ப நாற்காலியில நீங்கதானே இருக்கீங்க. அவனுக்கு என்ன பதில் போடப் போறீங்க?