ஐந்தாவது கிண்ணம்

சட்டைக் காலரில் கஞ்சி போதாது, மன்னிக்க வேண்டும் ஐயா. இராணுவச் சிறையில் துவைப்பவர்களுக்கு அக்கறை இல்லை.

பூசான் பாலத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என் வேலை. கார்ப்பரல் மேங் தேசிக், இராணுவக் காவல். கொரியச் சண்டைக்குப் பயந்து வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள், பிரிந்துவிட்டால் அந்தப் பாலத்தில் சந்திப்போம் என்று பேசிவைத்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பி முழுக்கப் பெயர் எழுதிய தாள்கள். நானும் வடக்கே வோன்சானில் மனைவியைத் தவறவிட்டவன்தான்.

காத்திருப்பவளின் முகத்தைத் தினமும் பார்த்தால் உங்களுக்கும் இரக்கம் வரும். நான்கு பெண்களிடம், உன் புருஷன் அகதி முகாமில் இருக்கிறான் என்றேன். சிரித்துக்கொண்டே மீன் கிடங்குவரை வந்தார்கள். கழுத்துக்கு என் இடுப்பு வார் போதுமானதாக இருந்தது. ஒருத்தி மட்டும் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; எரிச்சலாக இருந்தது.

நான் மரியாதை தெரியாதவனல்ல. ஒவ்வொரு முறையும் சந்தைக் கடையில் ஒரு கிண்ணம் சோறு வாங்கி, செத்தவர்களுக்கு வைப்பதுபோல் கரண்டியை அதில் நட்டுவைத்துத் தலைகுனிந்திருப்பேன்.

ஐந்தாமவள் ஓக்புன், அன்றுதான் பாலத்துக்கு வந்தவள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். பாவமென்று முதலில் கடைக்கே கூட்டிப்போனேன். கிண்ணம் வந்ததும் கை பழக்கத்தில் செய்துவிட்டது.

“யோவ் கார்ப்பரலு, உசுரோட உக்காந்திருக்கிறவளுக்கா கரண்டிய நடுற?” என்றாள் கடைக்காரி. “இதோட அஞ்சு வாட்டி. நீ நட்ட ஒவ்வொரு நாளும் பாலத்துல ஒரு பொண்ணைக் காணோம்னு பேச்சு. யாருக்குய்யா படைக்கிற?”

“அப்போ எம் புருஷன் முகாம்ல இல்லியா?” என்று ஓக்புன் எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன். அவள் போட்ட கூச்சலில் ரோந்துக்காரர்கள் வந்து என் சட்டைப்பையைச் சோதித்தார்கள்.

உள்ளே ஐந்து தாள்கள். மனைவிமாரைத் தேடிப் புருஷன்கள் ஒட்டியவை. ‘ஓக்புன், உயிரோடிருக்கிறேன். தினமும் மதியம் வருவேன்.’ ஆமாம், கம்பியிலிருந்து நான்தான் கிழித்தேன்.

அதோ, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இராணுவ நீதிமன்றத்தில் அது அழகல்ல, யாராவது சொல்லலாம்.

“நூத்துக்கணக்குல காத்துக் கெடந்தாங்களே. தேடி வந்தவன் இருக்கிறவளா பாத்து ஏன்டா பொறுக்கினே?” என்று கேட்டீர்கள். அவர்கள் காத்திருப்பை முடித்துவைத்தேன் ஐயா, அவ்வளவுதான். பதினான்கு மாதமாக அந்தக் கம்பியில் ஒரு தாள் விடாமல் படித்தேன். என் பெயர் ஒன்றில்கூட இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.