ஆட்டினால் சத்தம் வரக் கூடாது

பழைய நாணயத்தைத் தபாலில் அனுப்புவது பெரிய வித்தையில்லை, ஐயா. பொறுமை வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாணயத்தை ஓரத்தில் பிடித்து உறையில் இட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டி, பஞ்சு சுற்றிச் சின்னப் பெட்டியில் இறுக்கி, அதை இன்னொரு பெட்டிக்குள் வைப்பேன். கடைசியில் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். உள்ளே இருப்பது காசு என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுப்பதே அந்தச் சத்தம்தான். நாணயக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

தபால் நிலையக் கவுண்டரில் என் பார்சல்களை வாங்கிக்கொண்டிருந்தவர் என் தங்கையின் கணவர். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய கட்டைவிரலை நீங்கள் பார்த்ததில்லை. ரசீதுத் தாளைப் புரட்ட அதை நாக்கில் தொடுவார். தபால்தலையை நக்கி ஒட்டுவார். அதே விரலால் என் பார்சலை வாங்குவார். வெள்ளை அட்டையில் ஈரம் ஊறி நிற்கும். ஞாயிறுகளில் நான் வீட்டுக்குப் போனால், அதே விரலால் தங்கையின் கன்னத்தைக் கிள்ளுவார். அவள் சிரிப்பாள். நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். பதினோரு வருஷம் அந்த எச்சிலோடு எப்படிக் குடித்தனம் செய்தாள் என்று நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

"என்ன மச்சான், சத்தமே இல்ல? காத்த அடைச்சு அனுப்புறீங்களா?" ஒவ்வொரு முறையும் இதே கேலி.

அவளை மீட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு தங்க நாணயத்துக்குப் பதிலாக, அதே எடைக்கு இரண்டு இரும்பு வாஷர்களைப் பஞ்சில்லாமல் பெட்டியில் போட்டேன். யாரோ பிரித்து ஒட்டியதுபோல, அடிப்பக்கத்தை அறுத்துத் தபால் நிலையத்து டேப்பால் ஒட்டினேன். அவர் எதையும் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அன்று அவர் ஆட்டியபோது கலகலவென்றது.

"இன்னைக்கு வாயத் திறந்துடுச்சு மச்சான்," என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டினார்.

உறவுக்காரன் என்பதால் கவுண்டருக்குப் பின்னால் போக என்னை யாரும் தடுப்பதில்லை. தங்க நாணயத்தை அவர் இழுப்பறையில், முத்திரை மைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் நான் வெட்கப்படுகிற பார்சல் அது ஒன்றுதான். அப்படியா கட்டுவது என்று இன்னும் மனம் உறுத்துகிறது.

நாணயத்தை விலைக்கு வாங்கியவர், பெட்டியில் வாஷர்கள்தான் இருந்தன என்று புகார் கொடுத்தார். தபால் அதிகாரிகள் வந்து மாப்பிள்ளையின் இழுப்பறையைத் திறந்தார்கள். வேலை போன மறுநாள் மாப்பிள்ளை என்னைத் தேடி வந்தார்.

"அது எப்படி அங்க வந்துச்சுன்னே தெரியல மச்சான். நீங்களாவது என்னை நம்புறீங்களா?"

"நம்புறேன் மாப்பிள்ள," என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் எடுக்கவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவர் போனதும், தண்ணீர் குடித்த டம்ளரைக் குப்பையில் போட்டேன். அந்த வாரமே அவர் தூக்கு மாட்டிக்கொண்டார்.

தங்கை ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கென்று புதுச் சோப்பும் துண்டும் வாங்கி வைத்திருந்தேன். ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. நேற்றுக் காலை எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தவள், பக்கம் புரட்டக் கட்டைவிரலை நாக்கில் தொட்டாள்.

"அப்படிச் செய்யாதம்மா," என்றேன்.

"அவரு பழக்கம்ணா. எனக்கும் தொத்திக்கிச்சு," என்றாள். வந்ததிலிருந்து நேற்றுத்தான் சிரித்தாள்.

அவளைக் காணவில்லை என்றுதானே வந்திருக்கிறீர்கள்? பின்னறையில் இருக்கிறாள். தலையணையால் அழுத்தினேன், அதிக நேரம் ஆகவில்லை. கட்டைவிரலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். போர்வையில் சுற்றி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. இனி அவளுக்கு ஒரு சேதமும் வராது.