பேராச்சி கீறுன குதிகால்

ரயிலும் வராத, ரோடும் போடாத காலம் அது. தெக்குக் கடலோரத்துல நெடுந்தருவைன்னு ஒரு உப்பளத்து ஊரு. அந்த ஊருல பேராச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு சொரிமுத்து. ரெண்டு பேருக்கும் உப்பளத்துலதான் பொழப்பு.

ஒரு நா உப்பு வாரும்போது சொரிமுத்துக்குக் குதிகால்ல சிப்பி குத்திருச்சாம். பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்தான். கால் வீங்குச்சு. பழுத்துச்சு. காய்ச்சல் தூக்கித் தூக்கி அடிச்சுச்சு. அதுக்கப்புறந்தான் அந்தக் கொடுமை. காலையில எந்திரிச்சவன் வலது கண்ணப் பொத்திக்கிட்டு உருண்டானாம். கண்ணு கோவப்பழமாச் செவந்து கெடக்கு, பார்வை இல்ல.

ஊரே மெரண்டு போச்சு. இது ஒட்டுற கண்ணுநோயி, விட்டா எல்லாருக்கும் பரவும்னு ஊர்த்தலைவரு சொல்லிட்டாராம். ரெண்டு பேரையும் ஊருக்கு வெளிய இருந்த உப்புக் கொட்டகைக்கு அனுப்பிட்டாவ. தண்ணியக்கூட தூரத்துல வச்சிட்டுப் போனாவளாம். வைத்தியரு வெளிய நின்னே கண்ணுக்கு மருந்து குடுத்தாரு. கால யாரும் பாக்கல.

பேராச்சி கண்ணுல மருந்து விட்டா. கேக்கல. மறுபடி விட்டா. கேக்கல. கிட்டக் குனிஞ்சு கண்ண விலக்கிப் பாத்தாளாம் பேராச்சி. வெளிய பீளையே இல்ல. உள்ள, கருவிழிக்கு அடியில, மஞ்சளாச் சீழு தேங்கி நிக்கி. அதே மஞ்சளத்தான் குதிகால்லயும் பாத்திருக்கா.

அந்நேரம் பாத்து சொரிமுத்து சொன்னானாம், "ஏட்டி, மத்தக் கண்ணுலயும் பொகை மாதிரி இருக்கு. ஒம் மொகம் தெரியல."

வெளிய ஓடுனாளாம். ஆள் கூப்புட்டா. ஒருத்தரும் கிட்ட வரல. திரும்பி வந்து கத்திய நெருப்புல காட்டுனா. கீறி, அதுலயே உசுரு போயிட்டா என்ன செய்யன்னும் ஒரு நெனப்பு.

"என்னட்டி செய்யப் போற?"

"வெசம் கண்ணுல பொறக்கல. கால்ல இருந்து ஏறுது. காலக் கீறப் போறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அசையாதீய."

கீறுனாளாம். சீழு பீறிட்டு வந்துச்சு. அதுக்குள்ள இருந்து, ஒடைஞ்ச சிப்பித் துண்டு ஒண்ணு வந்து விழுந்துச்சாம். கொதிக்கவச்ச உப்புத் தண்ணியால கழுவுனா. கழுவுவா, எம் மொகம் தெரியுதான்னு கேப்பா. தெரியலம்பான். மறுபடி கழுவுவா, மறுபடி கேப்பா.

காய்ச்சல் எறங்குச்சு. ஒரு நா, "மூக்குத்தி தெரியுது"ன்னானாம். அதுவரைக்கும் அழாதவ அப்பந்தான் அழுதா. வலது கண்ணு அவிஞ்சே போச்சு. எடது கண்ணு தப்பிச்சுச்சு.

ஊர்த்தலைவரு திரும்ப ஊருக்குள்ள கூப்புட வந்தப்ப பேராச்சி கேட்டாளாம், "ஒட்டுற நோயின்னியள, கூடவே கெடந்த எனக்கு ஒட்டலையே. இனி ஒருத்தருக்குக் கண்ணு வலிச்சா, தொரத்தாதீய. தொட்டுப் பாருங்க."

இப்ப ஆசுபத்திரி இருக்கு, ஊசி இருக்கு. ஆனாலும் நெடுந்தருவையில யாராச்சும் காய்ச்சலோட கண்ணு வலிக்குன்னா, பக்கத்துல இருக்கவுக அவிய கால எடுத்து மடியில வச்சு, புண்ணு இருக்கான்னு பாத்துட்டுத்தான் வண்டி ஏத்துவாவ. அதுக்குப் பேரு பேராச்சி பாக்குறது.