தங்கப்பனின் ரப்பர் பாலை அளந்து வென்ற விமலகுமாரி டீச்சருக்கு

கணக்கின் கலங்கரையே! கரும்பலகைக் காரிருளில் வெண்கட்டியால் விடியல் வரைந்தவரே! பாறசாலை எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எக்ஸையும் ஒய்யையும் அயல்வீட்டுக்காரர்களாய் அறிமுகம் செய்துவைத்த அன்புக்குரிய விமலகுமாரி டீச்சரே!

இத்தனை அடைமொழிக்குப் பின் தங்கள் புகழில் தொடங்குவதே முறை. ஆயினும் தங்கள் பணிநிறைவுக்கு இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட தமிழாசிரியர் ராஜையாவின் குளறுபடியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது இல்லையேல் தங்கள் வெற்றியும் இல்லை.

சென்ற ஆண்டு நெய்யாற்றின்கரையில் நடந்த கணிதப் போட்டியின் மலையாள வினாத்தாளைத் தமிழாக்கும் வேலை அவரிடம் வந்தது. 'தங்கப்பன் கொண்டுவந்த ரப்பர் பால், சரசம்மாவின் பாலைவிட நான்கு லிட்டர் அதிகம். இருவருடையதும் சேர்ந்து பதினான்கு லிட்டர். தனித்தனியே எவ்வளவு?' என்பது மூலம். பதினான்கு லிட்டர் வரியில் சுவையில்லை என்று கருதிய நம் புலவர், அதை நீக்கிவிட்டு, 'சரசம்மாவின் பாலை மும்மடங்காக்கிப் பன்னிரண்டு லிட்டர் கூட்டினால், தங்கப்பன் பாலின் மும்மடங்கு' என்று செழிப்பாக எழுதினார். ஒன்பதும் ஐந்தும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கவும் செய்தார், பொருந்தியது! முதல் வரியையே மூன்றால் பெருக்கி மறுபடி சொல்லியிருக்கிறோம் என்பது மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

நம் பள்ளியின் பிரசீதா, 'சரசம்மாவுக்கு எவ்வளவு வைத்தாலும் தங்கப்பனுக்கு நான்கு கூட்டினால் சரி; விடைகள் எண்ணற்றவை' என்று எழுதினாள். விடைக்குறிப்பில் இருந்ததோ ஒன்பதும் ஐந்தும்தான். விழுந்தது சுழியம்! அந்த ஒரு கேள்வியால் மாவட்டப் போட்டிக்குப் போகும் இடம் கைநழுவ, பிள்ளை தூணோரம் நின்று விசும்பினாள்.

அப்போதுதான் தாங்கள் எழுந்தீர்கள், இரண்டு வாளியும் ஒரு அளவுக் கப்புமாக!

"டீச்சரே, ஒரு கணக்குக்கு உத்தரம் ஒண்ணுதானே காணும்?" என்றார் தலைமை நடுவர், விடைக்குறிப்பைத் தட்டிக்காட்டி.

"அப்படி ஆரு சொன்னா? சாரே சொல்லுங்க, சரசம்மைக்கு எவ்வளவு ஊத்தணும்?"

"ஆறு."

ஒரு வாளியில் ஆறு லிட்டர் நீரும் மறுவாளியில் பத்தும் ஊற்றினீர்கள். ஆறின் மும்மடங்கோடு பன்னிரண்டு சேர முப்பது. பத்தின் மும்மடங்கும் முப்பது. நடுவர் விடாமல் ஏழரை என்றார். மறுவாளியில் பதினொன்றரை ஊற்றினீர்கள், பொருந்தியது. கால் லிட்டர் என்றார், அதுவும் பொருந்தியது. அரங்கமே எழுந்து எட்டிப் பார்த்தது.

"சாரே, கிணத்து வெள்ளம் தீந்தாலும் இதுக்கு உத்தரம் தீராதாக்கும்!" என்றீர்கள்.

"பின்னே மலையாளத் தாளில் மட்டும் ஒண்ணு வந்தது எப்படி?"

கடைசி வரிசையிலிருந்து ராஜையா எழுந்தார். "வரிய மாத்தினது நானாக்கும் சாரே. தப்பு எனக்கு."

"வாத்தியாருக்குக் கவிதை வந்தா வேற தாள் எடுக்கப்படாதா?" என்றார் நடுவர். சிரிப்பொலி அடங்குமுன் சுழியம் முழு மதிப்பெண்ணாயிற்று. பிரசீதா மாவட்டப் போட்டிக்குப் போனாள்!

'விடை என்ன' என்று தேடுமுன், "விடை உண்டா, ஒண்ணா, பலதா, அத முதல்ல பாருங்க மக்கா" என்று முப்பதாண்டுகளாய்த் தாங்கள் ஊட்டிய பாடத்தின் வெற்றியல்லவா அது! ஆரியங்கோட்டு மலைமேட்டிலிருந்து மழையிலும் வெயிலிலும் பேருந்தேறி வந்தவரே! ஒரு நேந்திரம்பழப் பழம்பொரியை ஏழு பேருக்குப் பங்கிட்டும் எவர் முகமும் வாடாமல் காத்தவரே! தவறான விடைக்கும் தலையில் குட்டாமல், "எந்த வழியா வந்த, காட்டு" என்று கேட்டவரே! தங்கள் முழங்கால் வலி ஓடி ஒளிய, உறக்கம் இனிக்க, உற்றார் சூழ, நெய்யாறென நெடிது வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

அந்நாள் முதல் ராஜையா தங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: "டீச்சரே, என்மேல வருத்தம் உண்டா?" "பாப்போம் சாரே" என்பீர்கள், "பெல் அடிச்சாச்சு சாரே" என்று நழுவுவீர்கள். நேற்று ஆசிரியர் அறை வாசலை மறித்து நின்று அவர் மீண்டும் கேட்க, தாங்கள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"உண்டாயிருந்தது சாரே. பிள்ளை தூணோரம் நின்னு கரைஞ்சத நான் கண்டேன். நீங்க எழும்பி நின்னு சொன்னப்பமே அது போச்சு; இத்தன நாளும் சும்மா இழுத்தடிச்சதாக்கும். இப்ப இல்ல."

தங்களை வழியனுப்ப மனமின்றி வாசல்வரை வந்து நிற்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்