வைட்டமின் பாட்டிலில் இருந்த வெள்ளை மாத்திரைகள்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை மேலே எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. கணவர் உயிருடன் இல்லை. மேற்படி முகவரியில் மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் உடன்பிறந்த தம்பியும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். நான் இயந்திரத் தொழிற்சாலையின் கேட்டில் பை சோதனை செய்யும் காவலராக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தொழிலாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எக்ஸ்ரே. அதில் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தம்பி அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறான். சென்ற செவ்வாய்க்கிழமை இதே நிலையத்தில் தம்பி மனைவி மீது நான் கொடுத்த புகார் தொடர்பாக இன்று நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற வருடக் கடைசியில் தம்பி இளைக்க ஆரம்பித்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். நாள் முழுக்கக் கேபின் நிழலில் உட்கார்ந்திருப்பவன், வெயிலில் இரும்பு தூக்குகிறவர்களைவிடக் கறுத்துப் போனான். உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கறுத்தன. சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டான். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்தான். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, வேலை ஜாஸ்தி" என்றான். தம்பி மனைவியைத் தனியாகக் கேட்டேன். அவளும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் பையைக் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம்.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மருந்தும் ஊசியும் கைக்கு எட்டும் இடம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு இருவரும் நான்கு நாள் லீவு போட்டு, என்னிடம் சொல்லாமல் எங்கோ போய் வந்தார்கள். அதற்குப் பின் தம்பி கொஞ்சம் தேறினான். அதையும் நான் நல்லதாக நினைக்கவில்லை. விட்டுப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் கேட்டில் தம்பியின் சாப்பாட்டுப் பையைச் சோதித்தபோது வைட்டமின் பாட்டில் ஒன்று இருந்தது. லேபிளில் போட்டிருந்த மாத்திரையின் நிறம் ஆரஞ்சு. உள்ளே இருந்தவை வெள்ளை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் மூடியைத் திருகி மூடி, அவனை உள்ளே அனுப்பினேன். பிறகு வீட்டில் கவனித்ததில், காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று அவளே எடுத்து நீட்டி, அவன் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

புகார் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வெளியே போயிருந்தபோது, என்னிடம் உள்ள மாற்றுச் சாவியால் கீழ்வீட்டைத் திறந்தேன். பாட்டிலில் இருந்த மாத்திரைகளைக் கவரில் கொட்டி, கேட்டில் கைப்பற்றும் பொருளுக்குச் செய்வதுபோல் ஒட்டி, மடிப்பின் மேல் தேதியும் கையெழுத்தும் போட்டேன். காலி பாட்டிலை அப்படியே வைத்தால் அவள் உஷாராகிவிடுவாள். எனக்குக் கழுத்துச் சுரப்பி குறைவாகச் சுரப்பதால் ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். அதுவும் வெள்ளை, அதுவும் பொடிசு. எனக்கு ஒன்றும் செய்யாதது அவனை என்ன செய்துவிடும் என்று அதைப் போட்டு நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை, தம்பிக்கு அவள் மெல்ல மெல்ல விஷம் கொடுக்கிறாள் என்ற புகாருடன் அந்தக் கவரை இங்கே ஒப்படைத்தேன்.

புதன்கிழமை தம்பிக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்தன. தம்பி மனைவி மாத்திரையை இரண்டு பங்காகக் கொடுத்ததை நான் படியில் நின்று பார்த்தேன். கையும் களவுமாகப் பிடிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று நினைத்தேன். மாத்திரை என்னுடையதுதானே என்ற தைரியத்தில் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை மனைவி வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அவன் வேலைக்கு வந்தான். காலை பத்தரை மணிக்கு அவனைக் கேபினிலிருந்து இறக்கி முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனதாகத் தகவல் வந்தது. நான் அங்கே போகப் புறப்பட்டபோது தம்பி மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பையை வாங்கிக் கவிழ்த்தேன். கைக்குட்டையில் சுற்றிய சின்ன மருந்துக் குப்பியும் ஊசியும் விழுந்தன. "அவருக்குச் சுரப்பி வேலை செய்யலை அண்ணி. இந்த ஊசி போடலைன்னா உயிர் போயிடும்" என்றாள். பிடிபட்டவர்கள் எல்லோரும் கேட்டில் ஒரு கதை சொல்வார்கள். குப்பியையும் ஊசியையும் கவரில் போட்டு ஒட்டி, பதிவேட்டில் நேரம் பத்து நாற்பத்திரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன். படிக்காமலே போட்டாள். அதன் பிறகும் உள்ளே விடாமல் சிறு கதவைப் பூட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கவரை மட்டும் உள்ளே அனுப்புங்க" என்று கும்பிட்டாள். நான் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

முதலுதவி அறை நர்ஸ் ஓடி வந்து, என் மேஜையிலிருந்த கவரைப் பிடுங்கி, என் கையெழுத்து இருந்த மடிப்பைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினார். தம்பி மயங்குவதற்கு முன், மனைவிக்குப் போன் செய்துவிட்டதாகவும் ஊசி வருவதாகவும் அவரிடம் சொல்லியிருக்கிறான். அப்போது மணி பதினொன்று ஐந்து. அதையும் பதிவேட்டில் நான்தான் எழுதினேன்.

அந்த நான்கு நாள் லீவில் அவர்கள் போய் வந்த ஆஸ்பத்திரிக்கே அவனைக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். தம்பி மனைவி பாட்டிலை நீட்டினாள். அது என் மாத்திரை என்று அங்கேயே சொன்னேன். நாள் முழுவதிலும் தாமதிக்காமல் நான் செய்தது அது ஒன்றுதான். டாக்டர் சொன்னது: "சிறுநீரகத்து மேல குல்லா மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கும்மா. அவருக்கு அது செத்துப்போச்சு. அந்த மாத்திரைதான் அவருக்குச் சுரப்பி. காய்ச்சல் வந்தா ரெண்டு பங்கா கொடுக்கச் சொன்னதும் நான்தான். நீங்க அதை எடுத்துட்டு, உடம்புல மிச்சமிருந்ததையும் கரைக்கிற மாத்திரையைக் கொடுத்திருக்கீங்க."

இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று தம்பி மனைவியைக் கேட்டேன். தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், அக்காவுக்குத் தெரிந்தால் மேனேஜருக்குத் தெரிந்த மாதிரி என்று தம்பிதான் சத்தியம் வாங்கினானாம். ஆறு வருடம் முன்பு கம்பெனிக் கையுறை ஒரு ஜோடி அவன் பையில் இருந்ததை நான் எழுதிக் கொடுத்து, ஏழு நாள் சஸ்பெண்ட் ஆனான். தம்பி என்று விட்டால் மற்றவர்கள் என்னை மதிப்பார்களா என்று அப்போது நினைத்தேன். அந்தக் கையுறையை நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

மூன்று நாள் அவசர சிகிச்சைக்குப் பின் நேற்று தம்பி கண் விழித்தான். பார்க்கப் போனேன். தம்பி மனைவி வார்டு வாசலில் நின்றுகொண்டு, "பையைத் திறங்க அண்ணி" என்றாள். திறந்து காட்டினேன். என் தைராய்டு மாத்திரை டப்பாவை எடுத்து வெளியே ஜன்னல் திட்டில் வைத்தாள். அடியில் இருந்த சீப்பையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு வழி விட்டாள். அவள் சோதித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். நான் ஒப்படைத்த கவரில் உள்ள மாத்திரைகள் தம்பிக்கு உரியவை. அவனிடம் திருப்பித் தர வேண்டுகிறேன். வேறு யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. அனைத்தும் உண்மை. இந்தமுறை கையெழுத்துக்கு முன் நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

(ஒப்பம்)