அடுப்படியில் ஓர் ஓட்டை

தேநீர் நன்றாகவே இருந்தது, அதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள், அதிகாரி. ரெட்ரூத் நகரில் அந்த மழைக் காலையில் டெம்சின் அம்மையார் தந்த தேநீரை நான் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

அவருடைய கணவர் பெரன், பழைய சரக்கு வேன் ஒன்றைக் கட்டிலும் அடுப்புமாக வீடாக்கியிருந்தார். எரிவாயுவையும் மின்சாரத்தையும் சோதித்து நான் சான்றிதழ் தந்தால்தான் காப்பீடு கிடைக்கும். இருமுறை மறுத்தேன். அடுப்புக்கு அடியில், தரையில் ஓட்டை இல்லை. வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழிறங்கி வெளியேற வழி வேண்டும். அந்த விதி வானத்திலிருந்து விழவில்லை, எரிந்த உடல்களிலிருந்து எழுந்தது. விதியைக் கேலியாக்குபவன், அதைக் காத்து நிற்பவனையும் எடுபிடியாக்குகிறான்.

"ஸ்டிக்கர் ஒட்ற ஆளு வந்தாச்சுடி," என்றார் பெரன், மூன்றாம் முறை நான் போனபோது, என் காதுபடவே. "ஓட்டை போட்டாச்சு ஹெட்லி, குனிஞ்சு பாருங்க. முப்பது வருஷமா குனிஞ்சே பழக்கம்தானே?"

குனிந்தேன். ஓட்டை இருந்தது. குழாய் இணைப்புகள் இறுகியிருந்தன. மின்கம்பி வேலையில் குறை சொல்ல இடமில்லை. தண்ணீர்ப் பம்பின் சுவிட்ச் மட்டும் தரையோடு தரையாக இருந்தது. அது என் பட்டியலில் இல்லை. படம் எடுத்தேன், கையெழுத்திட்டேன்.

"ஒரு காகிதத்துக்கு மூணு தடவை நம்ம டீயைக் குடிச்சிட்டாரு பாரு," என்று சிரித்தபடி பெரன் அதைப் பிடுங்கிக்கொண்டு வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனார்.

நான் கருவிகளை எடுத்துவைக்கையில் டெம்சின் வந்தார். "அவரு பேச்ச மனசுல வச்சுக்காதீங்க. அந்த ஓட்டை வழியா காத்து வந்து காலெல்லாம் விறைச்சுப்போகுது. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"பார்க்கிறேம்மா," என்றேன். அவர் கோப்பையைக் கழுவப் போனார்.

சனிக்கிழமை இரவு அவர்கள் வேனோடு கடற்கரையில் தங்கினார்கள். விடிந்ததும் யாரோ ஒருவர் தேநீருக்குத் தண்ணீர் எடுக்க தரையோடிருந்த அந்தச் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும்; அதன் ஒரு பொறி போதும். அது டெம்சினாக இருக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

உங்கள் மேசையில் கருகிக் கிடக்கும் கையுறை என்னுடையதுதான். ஆனால் முப்பத்தோராண்டுகளில் நான் பொய்ச் சான்றிதழ் தந்ததில்லை. இதுவும் பொய்யன்று. கையெழுத்திட்டபோது ஓட்டை திறந்திருந்தது, இணைப்பு இறுகியிருந்தது. இணைப்பைத் தளர்த்தியது அதற்குப் பிறகுதான். கையுறையைத் திணித்ததோ, அந்த அம்மையார் கேட்டுக்கொண்டதால்.